ஷெட்டில் பதிந்த பாட்டுகளை ஆல்பமாகத் தொகுக்கும்போது

கராஜ் ராக், அதாவது வீட்டுக் கராஜிலும் ஷெட்டிலும் பழகிய இளங்குழுக்களின் கரடுமுரடான ராக், இன்றும் பேசப்படுவதற்குத் தொகுப்பு ஆல்பங்கள் பெரிய காரணம். 1972-ல் லென்னி கேய் தொகுத்து எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 'நக்கெட்ஸ்' இரட்டை எல்பியில் (இரண்டு இசைத்தட்டு) 27 பாட்டு. அறுபதுகளில் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு இடத்தில் பதிந்தவை. ஒன்றின் சத்தம் இன்னொன்றில் இல்லை, அதுதான் அதன் அழகு. சேலத்துக் குழு ஒன்று தன் பழைய பாட்டுகளைத் தொகுக்க உட்கார்ந்தாலும் இதை மனதில் வைக்க வேண்டும். பழுதை நீக்கலாம், பதிந்த இடத்தின் வாசனையை நீக்கக் கூடாது.

கையில் இருப்பது பெரும்பாலும் கேசட்தான். ஏற்காட்டு ஈரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்ததென்றால் முதலில் கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. நல்ல டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் அது பரவும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்துவிட்டு, உதவாத டெக் ஒன்றில் ஓட்டியபடி நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். மூக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

ஒவ்வொரு கேசட்டுக்கும் டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பக்கத்திலுள்ள அசிமத் திருகை (ஹெட்டின் சாய்வை மாற்றுவது) மெல்லத் திருப்புங்கள். மோனோவில் (இரண்டு சேனலையும் ஒன்றாக்கி) கேட்டால், டிரம்ஸின் சிம்பல் எங்கே பளிச்சென்று வருகிறதோ அதுதான் சரியான இடம். இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு சரிசெய்ய முடியாது. ஏற்றுவதற்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது வேகத்தில். டெக்குக்கு டெக் ஓட்டம் மாறும். டேப்பில் பதிந்திருக்கும் கரண்ட் ஹம்மை (ரீங்காரம்) 50 ஹெர்ட்ஸ் என்று வைத்து அளக்கலாம் என்பார்கள். தொண்ணூறுகளில் பதிந்த கேசட்டுக்கு அது ஒத்துவராது. அப்போது நம் பக்கத்துக் கரண்ட் 50-ல் நின்றதே இல்லை, 48.5-க்குக் கீழும் இறங்கும். கிட்டாரையும் நம்ப முடியாது, காதால் சுருதி சேர்த்திருப்பார்கள். பாட்டில் எலக்ட்ரானிக் கீபோர்டு இருந்தால் அதைப் பிடியுங்கள். 440 ஹெர்ட்ஸ் வர வேண்டிய ஸ்வரம் 452 காட்டினால் டேப் வேகமாக ஓடுகிறது. 440-ஐ 452-ஆல் வகுத்தால் 0.973. வேகத்தை 97.3 சதவீதத்துக்குக் குறையுங்கள். சுருதியை மட்டும் இறக்கினால் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து பாருங்கள், சில டெக்கில் போகப்போக வேகம் மாறும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒரே சீராக வரும் ஹிஸ்ஸுக்குத்தான் ('ஸ்ஸ்' என்ற டேப் இரைச்சல்) உதவும். அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறிக்கு அடுத்த ஷெட்டில் பதிந்திருந்தால் தறியின் 'டக் டக்' ஸ்னேர் டிரம்மோடு கலந்திருக்கும். அதை எடுக்கப்போனால் ஸ்னேரும் சேர்ந்து போகும். விட்டுவிடுங்கள்.

பாட்டுகளின் சத்தத்தைச் சமமாக்க உச்ச அளவைப் பார்க்காதீர்கள். ஃபஸ் (கிட்டாரின் கரகரப்பு) நிறைந்த பாட்டு அதே உச்சத்தில் கூடுதலாகக் காதை அடைக்கும். குரலை வைத்துக் காதால் ஒப்பிட்டு, ஃபஸ் பாட்டை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள்.

எல்பியாகப் போடுவதென்றால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்குள் அடக்குங்கள். கூடினால் தட்டின் பள்ளங்கள் நெருங்கி, சத்தத்தைக் குறைத்தே வெட்டுவார்கள். தட்டின் மையத்தை நெருங்க நெருங்கக் கூர்மை குறையும். அதனால் சிம்பல் அதிரும் பாட்டு வெளி ஓரத்தில் வரட்டும், மெதுவானதைக் கடைசியில் வையுங்கள்.