31-ஆம் நாள்

பிரசவ வார்டில் 24 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். கதவைத் திறந்து "பெண் குழந்தை" என்றதும் வெளியே நிற்பவர்களின் முகத்தில் விழும் நிழல் எனக்கு மனப்பாடம். "பரவாயில்லை சிஸ்டர், அடுத்தது பையனாகப் பிறக்கும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போன மாமியார்களும் உண்டு.

ஃபூ ஹாவைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அந்த முகங்கள் மறுபடி வந்து நிற்கின்றன.

3,200 ஆண்டுகளுக்கு முன் சீனத்தை ஆண்ட ஷாங் வம்சத்து அரசன் வூ திங்கின் மனைவியருள் ஒருத்தி அவள். அரண்மனைக்குள் அடங்கியிருந்தவள் அல்ல, படை நடத்தியவள். அவளுடைய 3,000 பேரோடு இன்னும் 10,000 பேரைத் திரட்டிச் சியாங் மக்கள் மீது அனுப்பலாமா என்று அரசன் குறி கேட்ட எழுத்து இன்றும் இருக்கிறது.

1976-இல் ஹெனான் மாகாணத்து ஆன்யாங்கில் செங் சென்சியாங் என்ற பெண் தொல்லியலாளரின் குழு அவளுடைய கல்லறையைக் கண்டுபிடித்தது. திருடர் கை படாத கல்லறை. 468 வெண்கலப் பொருட்கள், ஜேட் எனும் பச்சைக்கல்லில் செய்த 755 பொருட்கள், கிட்டத்தட்ட 7,000 சோழிகள். பலியிடப்பட்ட 16 மனிதர்களும் அதே குழியில்தான் கிடந்தார்கள். அவர்களை மறந்துவிட்டு அவளைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கோடரியின் படத்தை. ஏறத்தாழ 9 கிலோ எடை. இரு புலிகள் நடுவே ஒரு மனிதத் தலை. அவள் பெயர் பொறித்தது. ஷாங் காலத்தில் அப்படிப்பட்ட கோடரி படை அதிகாரத்தின் அடையாளம். அதே கல்லறையில் நூற்றுக்கணக்கான எலும்புக் கொண்டை ஊசிகளும் இருந்தன.

அவள் பிள்ளை சுமந்திருந்தபோதும் அரசன் குறி கேட்டான். ஆமை ஓட்டின் உட்புறம் குழி குடைந்து, சூடு வைத்து, விழுகிற வெடிப்பைப் பார்த்துப் பலன் சொல்வது அவர்கள் வழக்கம். கேள்வியையும், சில வேளைகளில் பின்னர் நடந்ததையும் அதிலேயே பொறிப்பார்கள். வெடிப்பைப் பார்த்த அரசன், திங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் பெரும் நன்மை என்றான். இரண்டும் அவர்களுடைய பத்து நாள் வாரத்தின் நாட்பெயர்கள். ஓடு மேலும் சொல்கிறது: குறி கேட்டதிலிருந்து 31-ஆம் நாள் பிறந்தது, நல்லதாக அமையவில்லை, பெண்.

பெற்றவள் ஃபூ ஹாவ்! படை திரட்டிக் கொடுக்க அவளை நம்பிய அதே அரசன், அவள் வயிற்றிலிருந்து இன்னொரு பெண் வந்ததற்கு "நல்லதில்லை" என்று எழுதி வைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான்.

ஓட்டில் குழந்தைக்குப் பெயர் இல்லை. மருத்துவச்சி ஒருத்தி வெளியே வந்து அரசனின் ஆட்களிடம் செய்தியைச் சொல்லியிருப்பாள். தாழ்ந்த குரலில் சொல்லியிருப்பாளோ என்று நினைத்துக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான், மன்னிப்புக் கேட்பவளைப் போலச் சொல்வேன். கடைசிப் பத்து ஆண்டுகளில் வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "பெண் பிறந்திருக்கிறாள், கையை நீட்டுங்கள்."