தண்டம் கட்டினவையும் விலக்கு வாங்கினவையும்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து கலியாணம் கட்டி பெங்களூருக்கு வந்தது 2019 செப்டம்பர்ல. இவர் இஞ்சயே பிறந்து வளந்த தமிழர், வீடு அல்சூர்ல, ஏரிக்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி. வந்த முதல் கிழமையே அத்தை (நாங்கள் மாமி எண்டுதான் கூப்பிடுவம், இஞ்ச அத்தை எண்டு மாத்திக்கொள்ளவே எனக்கு ஆறு மாதம் போச்சு) என்னைக் கூட்டிக்கொண்டு போய் திருவள்ளுவர் சிலையைக் காட்டினவ. கன்னட அமைப்புகள் எதிர்த்ததால 18 வருசமா துணி சுத்தி மூடி வச்சிருந்து 2009 ஆகஸ்ட்லதான் திறந்தவையாம். "நாம இங்க எத்தனை தலைமுறையா இருந்தாலும் கொஞ்சம் பாத்து நடந்துக்கணும்மா" எண்டு சொன்னவ. அந்தச் சொல்லு எனக்கு நல்லா விளங்கினது, ஏன் எண்டா நான் அவையை விடவும் ஒரு படி வெளியில நிக்கிறவள், பாஸ்போட்டே வேற நாடு.

வெளிநாட்டுக்காரி எண்டா வந்து 14 நாளுக்குள்ள எஃப்.ஆர்.ஆர்.ஓ. எண்ட வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில பதியோணும். விசா நீட்டுறதுக்கு வாடகை ஒப்பந்தம், கலியாணச் சான்றிதழ், இவற்ற ஆதார், கரண்ட் பில், எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்தோணும், ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வரும். அதுக்காக நான் ஒரு நீல ஃபைல் வச்சிருக்கிறன், இந்த நாட்டில எனக்கு வந்த ஒவ்வொரு ரசீதும் அதுக்குள்ள இருக்கு. ரோட்டில ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினாலே எனக்கு வயித்துக்குள்ள ஏதோ செய்யும். வெள்ளைச் சேட்டோட நிக்கிற அந்த டிராஃபிக் பொலிஸ் என்னைப் பிடிச்சு ஒண்டும் செய்யப்போறதில்ல எண்டு தெரியும், ஆனா செக்பொயின்ருக்குள்ளயே வளந்த ஆக்களுக்கு அது லேசில போகாது.

அதனால நான் சட்டத்தை மதிச்சு நடந்தது முதல்ல பயத்திலதான். அதை மறைக்கேல்ல. பயம் போய் இது எங்கட ஊர், எங்கட ரோட்டு எண்டு நம்பி நடக்கோணும் எண்டுதான் எனக்கு ஆசை. அந்த நம்பிக்கை வாறதும் போறதுமா இருந்த கதையைத்தான் எழுதுறன்.

2020ல முதல் அடி. இந்தியாவில கொரோனாவில முதல் செத்தவரே கர்நாடகாக்காரர்தான், கலபுரகியில. மார்ச் 13ஆந் தேதி அப்ப முதலமைச்சரா இருந்த எடியூரப்பா மால், தியேட்டர் எல்லாம் மூடச் சொல்லி, கலியாணங்களை 100 பேருக்குள்ள சுருக்கமா வைக்கச் சொன்னவர். சரி, நியாயம். எங்கட பக்கத்து வீட்டுப் பெட்டைக்கு அந்த மாதம் கலியாணம், மண்டபத்துக்குக் குடுத்த முற்பணம் போனாலும் பரவாயில்ல எண்டு அவை கோயில்ல வச்சு முடிச்சவை. ஆனா முதலமைச்சர் சொல்லி ரெண்டு நாள் ஆகேல்ல, 15ஆந் தேதி பெலகாவியில ஒரு எம்.எல்.சி. (மேலவை உறுப்பினர்) வீட்டுப் பெரிய கலியாணத்தில தானே போய் நிண்டவர். டீவியில அந்தப் படத்தைப் பாத்திட்டு பக்கத்து வீட்டு அக்கா ஒண்டும் சொல்லேல்ல. வேலியில காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ள போட்டா. பேசியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

பிறகு மே மாதம். இவர் வேலை விசயமா சென்னைக்குப் போய் லாக்டவுன்ல மாட்டுப்பட்டு ரெண்டு மாதம் அங்கயே இருந்தவர். மே கடைசியில சேவா சிந்து எண்ட கர்நாடக அரசாங்க இணையத்தளத்தில பாஸ் எடுத்து (பாஸ் எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட சனத்துக்கு வேற ஞாபகம் வரும், சண்டைக் காலத்தில பாஸ் இல்லாம ஊரை விட்டு அசைய ஏலாது) அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு வந்தா, தமிழ்நாடு, மகாராஷ்டிரா, டெல்லி, குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தில இருந்து வாறவை ஏழு நாள் அரசாங்கம் சொல்லுற இடத்தில குவாரண்டைன் இருக்கோணும், அதுக்குப் பிறகு ஏழு நாள் வீட்டில. வீடு அங்கயிருந்து ஒரு மணித்தியாலம். கையில சீல் குத்தி ஒரு ஹோட்டல்ல விட்டவை, காசு நாங்கள்தான் கட்டினது. நானும் அத்தையும் ரோட்டுக்கு மற்றப் பக்கம் நிண்டு மூண்டாம் மாடி யன்னலைப் பாத்துக் கை காட்டிட்டு, சோத்துப் பாசலை வாசல் மேசையில வச்சிட்டு வந்தனாங்கள். ஏழு நாளும் அப்பிடித்தான். எனக்குக் கோவமே வரேல்ல, நோய் பரவுதெண்டா எல்லாரும் இருக்கத்தானே வேணும்.

அதே கிழமைதான், மே 25, உள்நாட்டு விமானம் திரும்ப ஓடத் தொடங்கின முதல் நாள், மத்திய அமைச்சர் சதானந்த கௌடா டெல்லியில இருந்து பெங்களூருக்கு வந்து குவாரண்டைன் இல்லாம விமான நிலையத்தில இருந்து நேர காரில ஏறிப் போனவர். டெல்லியும் அந்த ஆறு மாநிலத்தில ஒண்டு. கேட்டதுக்கு, தான் மருந்துத் துறைக்குப் பொறுப்பான அமைச்சர், மருந்து எல்லா இடமும் போய்ச் சேருதோ எண்டு பாக்கிறது தன்ர வேலை, தனக்கு விலக்கு இருக்கெண்டு சொன்னவர். மாநில அரசும் ஓம், அமைச்சர்மாருக்கு விலக்கு இருக்கெண்டு சொன்னது.

விலக்கு. இந்தச் சொல்லைத்தான் நான் கன நாள் யோசிச்சனான். அவர் சட்டத்தை மீறினவர் எண்டுகூட சொல்ல ஏலாது, ஏன் எண்டா அவருக்கு ஏத்த மாதிரி சட்டத்திலயே ஒரு வாசல் இருந்திருக்கு. மருந்து அனுப்புற வேலை முக்கியம், அதை மறுக்கேல்ல. ஆனா அண்டைக்கு அதே பிளேனில வந்து பஸ்ஸில ஏத்தி ஹோட்டலுக்கு அனுப்பின சனம் பாத்துக்கொண்டு நிண்டிருக்கும்தானே, அதில செத்த வீட்டுக்கு வந்தவையும் இருந்திருக்கலாம், பிள்ளைப்பேறுக்கு வந்தவையும் இருந்திருக்கலாம். அமைச்சருக்கு வைரஸ் விலக்குக் குடுக்குமோ? இவர் ஹோட்டல்ல இருந்து போன்ல சொன்னவர், "விடுமா, இன்னும் நாலு நாள் தானே" எண்டு. அந்த ஹோட்டல் பில் இப்பவும் என்ர நீல ஃபைலுக்குள்ள இருக்கு.

இது இந்தியாவில மட்டும்தானோ எண்டு கேட்டா இல்லை. என்ர அக்கா லண்டன்ல, ஒரு முதியோர் இல்லத்தில வேலை. 2020ல அவ அங்க பாத்த சாவுகளைப் பற்றி இப்பவும் முழுசாக் கதைக்க மாட்டா, பிள்ளையள் டேப்லெட்டில முகம் காட்டி அம்மாவை வழியனுப்பினதை மட்டும் ஒருக்கா சொன்னவ. அந்த மே மாதமே பிரதமர் மாளிகைத் தோட்டத்தில, குடிக்கிறதை நீங்களே கொண்டு வாங்கோ எண்டு கிட்டத்தட்ட நூறு பேருக்கு மெயில் அனுப்பி விருந்து வச்சிருக்கினம், அது வெளியில வர ஒண்டரை வருசத்துக்கு மேல எடுத்தது. 2021 ஏப்ரல்ல மகாராணி புருசன்ர செத்த வீட்டில மாஸ்க்கோட தனிய ஒரு வாங்கில இருந்த படத்தை எல்லாரும் பாத்திருப்பியள், அதுக்கு முதல் நாள் ராத்திரி பிரதமர் மாளிகை இருக்கிற அதே டவுனிங் தெருவில ரெண்டு விருந்து நடந்திருக்கு. கடைசியில லண்டன் பொலிஸ் 83 பேருக்கு 126 தண்டம் எழுதினது. போரிஸ் ஜோன்சனுக்கும் ஒண்டு, 50 பவுண்ஸ், தன்ர பிறந்த நாளுக்குக் கூடினதுக்கு. நிதியமைச்சரா இருந்த ரிஷி சுனக்குக்கும் ஒண்டு.

நான் அக்காட்டச் சொன்னனான், பிரதமருக்கே பொலிஸ் தண்டம் எழுதுற நாடு நல்ல நாடுதானே எண்டு. அக்காக்குச் சரியான கோவம். "50 பவுண்ஸ் எனக்கு ஒரு கிழமைச் சாமான் காசு, அவருக்கு அது என்ன? காசில்லையடி பிரச்சினை, எல்லா விதியையும் கடைப்பிடிச்சம் எண்டு பாராளுமன்றத்தில எழும்பி நிண்டு சொன்னவரெல்லே" எண்டா. அதுதான் பிறகும் அவரை விடேல்ல. 2023 ஜூன்ல பாராளுமன்றச் சிறப்புரிமைக் குழு அவர் சபையைத் தெரிஞ்சுகொண்டே தவறா வழிநடத்தினவர் எண்டு எழுதினது, அதுக்கு முதலே அவர் எம்.பி. பதவியை விட்டிட்டுப் போட்டார். அறிக்கையை ஏத்துக்கொண்டு 354 பேர் கை தூக்க, எதிர்த்தது ஏழே ஏழு பேர். அவற்ற சொந்தக் கட்சி ஆக்கள் கனபேர் அண்டைக்கு வாக்களிக்காம ஒதுங்கினதையும் அக்கா சொல்லாம விடேல்ல.

இனி என்ர கதைக்கு வாறன். போன வருசம், 2025 ஜூலை. ஸ்கூட்டர்ல அத்தையைப் பின்னால ஏத்திக்கொண்டு அல்சூர் மார்க்கெட்டுக்குப் போனனான். கர்நாடகாவில பின்னால இருக்கிறவையும் ஹெல்மெட் போடோணும், 2016ல இருந்து சட்டம். அத்தைக்கு நான் வாங்கிக் குடுத்தது வீட்டு ஆணியில தொங்கினது. "பூ நசுங்கிடும்மா, இந்தோ இருக்குற மார்க்கெட்டுக்கு எதுக்கு இது" எண்டு சொல்ல நானும் விட்டிட்டன், பிழை என்னிலதான். நாலு நாளில போனுக்கு மெசேஜ், 500 ரூபா. லிங்கைத் திறந்தா சிக்னல் கமரா எடுத்த படம். நம்பர் பிளேட்டைச் சுத்தி ஒரு கட்டம், நான் ஹெல்மெட்டோட முன்னால பாத்துக்கொண்டு இருக்கிறன், பின்னால அத்தை முருங்கைக்காய்க் கட்டைத் துவக்கு மாதிரி நிமித்திப் பிடிச்சுக்கொண்டு, தலையில ஒரு முழம் மல்லிகைப்பூ, பூவைக்கூட எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரை இல்லை, விசா நீட்டுற நேரத்தில இது வந்து நிக்குமோ எண்டு. விடிய எட்டு மணிக்கே பெங்களூர் ஒன் எண்ட அரசாங்கச் சேவை நிலையத்தில போய் நிண்டு காசைக் கட்டி ரசீதை வாங்கினாப் பிறகுதான் மூச்சு வந்தது. கவுண்டர்ல இருந்த பிள்ளை கன்னடத்தில "தண்ட" எண்டு சொன்னது, நாங்களும் ஊரில தண்டம் எண்டுதானே சொல்லுறம், அந்த ஒரு சொல்லு மட்டும் எனக்கு ஆரும் மொழிபெயர்க்கத் தேவைப்படேல்ல.

அடுத்த மாதம் தொடங்கின கையோட துணை முதலமைச்சர் டி.கே.சிவக்குமார் ஹெப்பால் மேம்பாலத்தில புதுசாக் கட்டின லூப் பாதையைப் பாக்க ஸ்கூட்டர் ஓடிப்போன வீடியோ வந்தது. அப்ப பெங்களூர் வளர்ச்சித் துறையே அவற்ற கையிலதான் இருந்தது. சனம் அந்த நம்பரைப் போட்டுத் தேடினா, 34 மீறல், 18,500 ரூபா கட்டாமக் கிடக்கு. ஸ்கூட்டர் அவருடையது இல்லை, அதைச் சொல்லாம விட்டா நியாயமில்லை, செய்தி பரவினாப் பிறகு அந்தக் காசும் கட்டியாச்சு. ஆனா ஆரும் தேடாம விட்டிருந்தா?

பிறகு ஆகஸ்ட் 23ல இருந்து செப்டம்பர் 12 வரைக்கும் நிலுவையில இருக்கிற தண்டத்துக்கெல்லாம் பாதித் தள்ளுபடி எண்டு அரசாங்கம் அறிவிச்சது. 2023லயும் இப்பிடி ஒண்டு விட்டவை. உடன கட்டின எனக்கு முழுக்காசு, கட்டாம இருந்தவைக்கு அரைக்காசு, சரி அதையும் விடுங்கோ. அந்தக் கிழமையளில வெளியில வந்த செய்தி என்னெண்டா முதலமைச்சர் சித்தராமையாவின்ர அரசாங்கக் காருக்கு ஏழு மீறல், அதில ஆறு முன் சீட்டில பெல்ட் போடாததுக்கு. அதுவும் பாதித் தள்ளுபடியிலதான் கட்டினதாம். தள்ளுபடி குடுத்ததும் அவற்ற அரசாங்கம், எடுத்ததும் அவற்ற கார்.

இதை நான் கோவத்தோடதான் எழுதுறன், ஆனா இதில ஒரு நல்ல விசயமும் கிடக்கு. அந்தக் கமராவுக்கு ஆர் முதலமைச்சர் ஆர் யாழ்ப்பாணத்து மருமகள் எண்டு தெரியாது. என்னை எடுத்த மாதிரித்தான் அவரையும் எடுத்திருக்கு, ஆறு தரம். நம்பரைத் தட்டிப் பாக்க ஆரிட்டையும் அனுமதி கேக்கத் தேவையில்ல. 2020ல அமைச்சர் கார்ல ஏறிப் போகேக்க விலக்கு எண்ட சொல்லோட கதை முடிஞ்சுது, இப்ப தண்டம் எண்ட சொல்லு அவையின்ர பேருக்கு முன்னாலயும் வந்து நிக்குது.

ஊரில சின்ன வகுப்பில எல்லாளன் கதை படிச்சிருப்பம். அவன்ர மகன் தேரில போகேக்க கண்டுக்குட்டி சில்லுக்குள்ள அகப்பட்டுச் செத்துப்போக, தாய்ப்பசு வந்து மணியை அடிக்க, ராசா தன்ர மகனையே அதே தேர்ச் சில்லால கொன்றவன் எண்டு. திருவாரூர்ப் பக்கம் இதை மனுநீதிச் சோழன் எண்டு சொல்லுவினம், எங்களுக்கு எல்லாளன், சிங்கள ஆக்களின்ர மகாவம்சமே அவனை நீதியான ராசா எண்டு எழுதி வச்சிருக்கு. அந்தக் கதையில எனக்கு இப்ப பிடிக்கிறது தண்டனை இல்லை, அது சரியான கொடுமை. பசுமாடு இழுத்தாலும் சத்தம் கேக்கிற மாதிரி ஒரு மணி கட்டி வச்சிருந்தான் எல்லே, அதுதான்.

அந்த ஆகஸ்ட் 22ஆந் தேதிதான் கொழும்பில முன்னாள் ஜனாதிபதி ரணிலையும் கைது செய்தவை, ஜனாதிபதியா இருந்த காலத்தில மனுசியின்ர பல்கலைக்கழக விழாவுக்கு இங்கிலாந்து போனதுக்கு அரசாங்கக் காசு பாவிச்சவர் எண்ட குற்றச்சாட்டில. அவர் அதை மறுக்கிறார், நாலு நாளில பிணையும் கிடைச்சுது. அம்மா ஊரில இருந்து எடுத்துச் சொல்லேக்க அவவின்ர குரலில சந்தோசம் ஒண்டும் இல்லை. "வழக்கு முடியிற வரைக்கும் நான் ஒண்டும் நம்பன், பிள்ளை" எண்டா. பெற்றோல் கியூவில ராத்திரி ராத்திரியா நிண்ட சனம், லேசில நம்பாது.

இப்ப அத்தை ஸ்கூட்டர்ல ஏற முதல் பூவைக் கழட்டி ஒரு சின்ன டப்பாவில போட்டுக் கைப்பையில வச்சிட்டு ஹெல்மெட் போடுறவ, மார்க்கெட் வாசல்ல இறங்கினோடன திரும்பக் குத்திக்கொள்ளுவா. எனக்கும் அவக்கும் ஒரு வாக்குவாதம் இன்னும் முடியேல்ல. காசைக் கட்டினாப் போதும், மற்றவையைப் போல முழுசாக் கட்டட்டும், அதுதான் எனக்கு வேணும் எண்டு நான் சொல்லுறன். "இல்லம்மா, தப்பு பண்ணிட்டேன்னு வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லணும், அந்த வார்த்தைய எவன் சொன்னான் சொல்லு" எண்டு அவ பின்னால இருந்து கத்துறா, ஹெல்மெட்டுக்குள்ள இருந்து வாறதால பாதி கேக்காது, சிக்னல்ல நிக்கேக்க திரும்பி என்ன எண்டு கேட்டா இன்னொருக்கா முதல்ல இருந்து சொல்லுவா.