11-க்கு அப்புறம் 14

கத்திரி தொடங்கி நாலு நாள் ஆகிறது. சாயங்காலம் நாலு மணி வெயிலில், தண்ணீர் பாட்டிலோடு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்கிறது. ராத்திரி மனைவி ஏசி ரூமில், நான் ஹாலில் ஃபேனுக்கு அடியில். 20-ஆம் தேதி கப்பல் ஏறணும், வளைகுடாப் பக்கம்.

“மெட்ராஸ்காரனுக்கு வெயில் புதுசா?” என்று நானும்தான் பேசியிருக்கிறேன். வெயில் பழக்கம் ரத்தத்தில் வருவதில்லை. உடம்பு அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். லீவில் வந்து ஏசியில் படுத்தால் சில வாரத்தில் மறந்தும் போகும். அதற்குத்தான் இந்த வெயில் நடை.

நான் செகண்ட் இன்ஜினியர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூலையில், ஃபுஜைராவில் நங்கூரம் போட்டு நின்றோம். அங்கே கோடையில் கடல் தண்ணீரே முப்பது டிகிரிக்கு மேல் இருக்கும். புது ஃபோர்த் இன்ஜினியர், தூத்துக்குடிப் பையன், முந்தின நாள்தான் படகில் வந்து ஏறினான். மறுநாள் காலையிலேயே பியூரிஃபையரைப் பிரித்துச் சுத்தம் செய்ய அனுப்பினேன். அனுப்பியது நான்தான், வேறு யாரும் இல்லை.

பியூரிஃபையர் என்பது எண்ணெயைச் சுழற்றித் தண்ணீரையும் கசடையும் பிரிக்கிற மெஷின். எண்ணெய் 98 டிகிரிச் சூட்டில் உள்ளே போகும். ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். சுற்றிலும் ஹீட்டர், நீராவிக் குழாய். சுவரில் தெர்மாமீட்டர் 49 காட்டியது. அதைவிட மோசம் ஈரப்பதம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அங்கே காயாது, பாய்லர் சூட் என்கிற முழு உடம்பு வேலை உடுப்பை நனைத்துக்கொண்டு ஷூவுக்குள் இறங்கும். சென்னையின் 38, வேலூரின் 41-ஐ விடப் படுத்துமே, அதே கதை.

பத்து மணிக்கு “தலை வலிக்குது சார்” என்றான். “தண்ணி குடி தம்பி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். பதினொன்றரைக்குத் திரும்பிப் போனபோது கூம்புத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றிலும் நம்பர் வெட்டியிருக்கும், வரிசை தப்பக் கூடாது. 11-க்கு மேல் 14-ஐ வைத்தான். எடுத்தான். மறுபடியும் 14-ஐயே வைத்தான். “என்னப்பா பண்றே?” என்றேன். சிரித்துக்கொண்டே, “அம்மா கீழே இருக்காங்க சார்” என்றான்.

வயிறு கலங்கிப் போனது. நானும் ஃபிட்டர் அண்ணனும் அவனைத் தூக்கிக் கன்ட்ரோல் ரூம் ஏசியில் கிடத்தினோம். உடுப்பைக் கத்தரித்து, உடம்பெல்லாம் ஈரத் துண்டு போட்டு விசிறினோம். சமையல்காரர் ஃப்ரீசரிலிருந்து பட்டாணி பாக்கெட்டுகளை அள்ளி வந்தார். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைத்தோம். காய்ச்சல் பார்த்தால் 39.8 டிகிரி. நினைவு குழம்பியவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். அது மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. கேப்டன் ரேடியோவில் டாக்டரைப் பிடித்தார். ஒரு மணி நேரத்தில் பையன் தன் பெயரைச் சரியாகச் சொன்னான். சாயங்காலம் கரைக்கு அனுப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அன்றைக்கு அவனுடைய ஓய்வு நேரத் தாள் சுத்தமாக இருந்தது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு என்பது விதி, அதற்கு மேலேயே தூங்கியிருந்தான். சூட்டுக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இப்போது என் வேலைத் திட்டத்தில், புதிதாக ஏறியவனுக்கு முதல் வாரம் பியூரிஃபையர் ரூம் கிடையாது. மற்றவர்கள் போனாலும் இரண்டு பேராகத்தான். இருபது நிமிஷம் உள்ளே, பத்து நிமிஷம் வெளியே. பிரிக்கப் போகும் மெஷினின் ஹீட்டரை முந்தின ராத்திரியே அடைத்துவிடுவேன். வாசலில் ஒரு குடம் உப்புப் போட்ட மோர். கப்பலில் குடிப்பது கடலைக் காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் உப்பு இருக்காது. கழிப்பறைக் கதவில், உடம்பில் தண்ணீர் குறைகிறதா என்று சிறுநீரின் நிறத்தை வைத்துப் பார்க்கிற அட்டை ஒட்டினேன். முதலில் எல்லாரும் கிண்டலடித்தார்கள். அப்புறம் டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசனே வந்து, “சார், நான் மூணாவது கலர்” என்று சொல்ல ஆரம்பித்தார்.

பெட்டியில் ஓஆர்எஸ் பாக்கெட் நாற்பது வைத்திருக்கிறேன். மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு, மெடிக்கல் ஷாப் வைக்கப் போறீங்களா என்றாள். மணி நாலாகப் போகிறது, மாடிக்குப் போகணும்.