அண்ணாச்சியும் ஆயிரம் ரூபாயும்

ஒன்றாம் தேதி காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு கேட்டில் யாராவது இரண்டு தட்டு தட்டினால் அது மாடி அண்ணாச்சி. நாகர்கோவிலில் எங்கள் தெருவில் காலண்டர் இல்லாத வீட்டுக்காரர்கள்கூட அந்தத் தட்டலை வைத்து மாதம் பிறந்ததைத் தெரிந்துகொள்ளலாம்.

அண்ணாச்சிக்கு வடசேரிப் பக்கம் டீக்கடை. எங்கள் மாடிக்கு அவர் தரும் வாடகை 7,000 ரூபாய். பத்தும் இருபதுமாக, காந்தி எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, மருந்துக்கடைக் கவரில் வைத்துத் தருவார். நோட்டில் பழபஜ்ஜி வாசனை அடிக்கும். பேங்கில் கட்டப் போனால் கேஷியர் ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் எண்ண ஆரம்பிப்பார்.

அக்ரிமெண்ட் என்று ஒன்றும் கிடையாது. 2016-ல் வந்தார், பார்த்தார், "சரி சாரே" என்றார், அவ்வளவுதான். எங்களுக்கும் அவருக்கும் கிணறு ஒன்று, டேங்க் ஒன்று, மோட்டார் ஒன்று. மோட்டார் சுவிட்ச் எங்கள் அடுக்களையில். என் மனைவி காலை ஐந்தரைக்கு எழுந்ததும் முதல் வேலையாக அதைத் தட்டுவாள்.

அண்ணாச்சி அதற்கெல்லாம் முன்னாடியே எழுந்துவிடுவார். வெளுப்பாங்காலம் மூன்றரைக்குக் கிணற்றுக் கப்பி கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். பச்சைத் தண்ணீரில் குளியல். மார்கழியிலும் விடமாட்டார். மனுசனுக்கு என்ன பக்தி என்று நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வியப்பேன்.

ஒக்கி புயல் அடித்த கதையைச் சொல்லாமல் அண்ணாச்சியைச் சொன்னதாக ஆகாது. 2017 நவம்பர் 30. மழை வரும் என்று குடையை எடுத்து வைத்தவர்கள் நாங்கள். வந்தது ஊரையே பிரட்டிப் போட்டுவிட்டுப் போயிற்று. ரப்பர், வாழை, கரண்ட் கம்பம் ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் தென்னை மாடி ஷீட்டின் மேல் சாய்ந்து படுத்திருந்தது. மறுநாள் ஒன்றாம் தேதி. கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. ஆறரை மணிக்குக் கேட்டில் இரண்டு தட்டு. கீழே கிடந்த ஓலையைத் தாண்டிக்கொண்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டி, கையில் மருந்துக்கடைக் கவர்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குமா?"

"தேதி ஒண்ணாச்சுல்லா சாரே."

கரண்ட் வருகிற வரை பக்கத்து நாலு வீட்டுக்காரர்களும் எங்கள் கப்பியில்தான் தண்ணீர் இறைத்தார்கள். அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டு, கயிறு மாற்றி, யார் எப்போது இறைக்க வேண்டும் என்று முறை வைத்ததும் அண்ணாச்சிதான். கப்பி இவருக்கு எப்படி இவ்வளவு பழக்கம் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இப்படியே ஏழு வருடம் ஓடியது. 2023-ல் மஸ்கட்டில் இருந்து அத்தான் லீவில் வந்தார். மட்டிப் பழத்தை உரித்தபடியே போனில் கணக்குப் போட்டார்.

"மாப்ளே, மாடி கெட்ட எவ்வளவு ஆச்சு?"

"18 லட்சம்."

"வருசத்துக்கு 84,000. நிலத்தைச் சேர்க்காமலே அஞ்சு சதவீதம் வரல்ல. பேங்குல போட்டுட்டு சும்மா இருந்தாலே ஏழு தருவான். நீ என்ன தர்மசத்திரமா நடத்துதே?"

மனைவி உள்ளே இருந்தே சொன்னாள்: "நல்லா இருக்க மனுசனை எதுக்கு இளக்குதீங்க?" அத்தான் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எத்தனை ரூபாய்க்கு என்பதைக் கீழே தருகிறேன்.

அடுத்த ஒன்றாம் தேதி கவரை வாங்கிக்கொண்டே, "அண்ணாச்சி, வாடகையில ஆயிரம் கூட்டலாம்னு பாக்கேன்" என்றேன். "சரி சாரே" என்றார். பேரம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. நானும் அத்தானுக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்பினேன். மறுமாதம் கவரோடு சாவியும் வந்தது.

வீடு நாலு மாதம் சும்மா கிடந்தது: 28,000. வெள்ளையடிக்க 22,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 8,000. ஆக மொத்தம் 58,000. மாதம் ஆயிரம் கூடுதலில் இதைத் திரும்ப எடுக்க ஐந்து வருடத்துக்கு இரண்டு மாதம்தான் குறைவு. அத்தானுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.

இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்கிறது. செய்தேன். மூன்று மாத வாடகை அட்வான்ஸ், 24,000. நாலு பக்க அக்ரிமெண்ட். விழுகிற தேங்காய் யாருக்கு என்பதற்குக்கூட ஒரு ஷரத்து. (அண்ணாச்சி காலத்தில் விழுந்த தேங்காய் எங்கள் படியில் வந்து உட்கார்ந்திருக்கும். ஷரத்து போட்ட பிறகு ஒரு தேங்காய்கூட விழுந்ததாகத் தெரியவில்லை.)

புதிதாக வந்த தம்பி நல்ல பிள்ளைதான். "போன்ல போட்டுடுதேன் அங்கிள்" என்பான். ஒன்பதாம் தேதி 3,000 வரும். பதினேழாம் தேதி 2,500. பாக்கி எப்போது வரும் என்று வானிலை மையத்தைத்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் வடசேரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணாச்சி கடையில் ஏறினேன். டீயும் பழபஜ்ஜியும் தந்தார், காசு வாங்கவில்லை. கூச்சத்தை விட்டுக் கேட்டேன்: "இப்ப இருக்க வீட்டுல வாடகை எவ்வளவு அண்ணாச்சி?"

"எட்டரை சாரே."

எனக்குப் பஜ்ஜி தொண்டையில் நின்றது. "நான் எட்டுதானே கேட்டேன்?"

டீயை ஒரு ஆற்று ஆற்றிவிட்டு, "ஒரு காரியம் சொன்னா கோவப்படப்பிடாது" என்றார். "பைசா இல்ல சாரே. நம்ம வீட்டுல ராத்திரி பத்து மணிக்கே டேங்க் காலி. மோட்டார் உங்க அடுக்களையில. மூணரைக்கு உங்களைத் தட்டி எழுப்ப முடியுமா? ஏழு வருசம் கிணத்துல இறைச்சுக் குளிச்சேன். தோளு எறங்கிப் போச்சு. இங்க சுவிட்ச் நம்ம கைல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கல்லியே சாரே."

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வயர், சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். சுவிட்ச் இப்போது மாடிப்படி பக்கத்தில் இருக்கிறது. தம்பி நேற்று ராத்திரி பத்தரைக்கு அதைப் போட்டுவிட்டுத் தூங்கிப் போனான். டேங்க் நிறைந்து வழிந்து எங்கள் படுக்கையறை ஜன்னலில் கொட்டுகிற சத்தத்தில்தான் நான் எழுந்தேன். மணி பார்த்தேன். மூன்றரை.