2734 எல்

விமானத்தின் வெளித்தகடுகளைப் பேனல் என்போம். அவற்றைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகவே என் பணிக்காலத்தில் பாதி கழிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், அடுத்தடுத்து நின்ற இரண்டு விமானங்களின் எஞ்சின் பேனல்களை மாற்றிப் பூட்டப் பார்த்தேன். ஒரே மாடல், ஒரே பார்ட் நம்பர். ஆனாலும் திருகுத் துளைகள் மயிரிழை விலகி நின்றன. சீனியர் வந்து பேனலைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். ஓரத்தில் பஞ்ச் வைத்து அடித்த ஓர் எண். "இது பார்ட் நம்பர் இல்ல தம்பி, விமானத்தோட நம்பர். முதல்ல இதப் பாரு" என்றார்.

கடலிலிருந்து எடுத்த போர்க்கால விமானங்களைப் பற்றி எங்கே படித்தாலும் அந்த உள்பக்க எண்ணைத்தான் என் கண் தேடுகிறது.

1944 ஜூலை 31 அன்று பிரெஞ்சு விமானியும் எழுத்தாளருமான அந்துவான் து செந்த்-எக்சுபெரி, கோர்சிகா தீவிலிருந்து பி-38 லைட்னிங் என்ற அமெரிக்கப் போர் விமானத்தில் கிளம்பினார். துப்பாக்கிக்குப் பதில் கேமரா பொருத்திய எஃப்-5பி வகை அது. அவர் திரும்பவில்லை. 1998இல் பிரான்சின் மர்சேய் நகருக்கு அருகே ரியூ தீவை ஒட்டிய கடலில் ஒரு மீனவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி சிக்கியது. அதில் அவர் பெயரும் மனைவி கான்சுவலோவின் பெயரும் இருந்தன. பலர் நம்பவில்லை. சான்று என்று நானும் ஏற்றிருக்க மாட்டேன். கைச்சங்கிலி விமானத்தோடு சேர்த்து ரிவெட் அடித்ததல்ல. அதை வலை எங்கிருந்து இழுத்து வந்தது என்று யார் சொல்ல முடியும்?

அதே பகுதியில் கடலடியில் சிதறிக் கிடந்த உலோகம் பி-38தான் என்று 2000இல் அறிவித்தவர் லூக் வான்ரெல் என்ற முக்குளிப்பாளர். அங்கேயே ஜெர்மன் டைம்லர்-பென்ஸ் எஞ்சின் ஒன்றும் கிடந்தது. பி-38இன் அல்லிசன் எஞ்சினுக்கும் இதற்கும் சிலிண்டர் பன்னிரண்டுதான். ஆனால் அல்லிசனில் சிலிண்டர்கள் மேல்நோக்கி விரியும். ஜெர்மன் எஞ்சினில் தலைகீழாகத் தொங்கும். எஞ்சின் வேலை தெரிந்த கைக்கு அது போதும். போதாதது அடுத்த கேள்விக்கு: பி-38 என்றால் எந்த பி-38? கட்டியது சுமார் 10,000.

வாலில் எழுதியிருந்த எண் பெயின்ட். அரை நூற்றாண்டு உப்புநீரில் அதை நம்ப முடியாது. எஃகு போல்ட் அலுமினியத் தகட்டைத் தொடும் இடத்தில் முதலில் அரிபடுவது அலுமினியம்தான். மிச்சம் இருப்பதன் மேல் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கும். அவசரப்பட்டுக் கம்பி பிரஷ் போட்டால் படிவோடு எண்ணும் போய்விடும். 2013இல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டிலிருந்து தூக்கிய டோர்னியர் 17 குண்டுவீச்சு விமானத்துக்குச் சிட்ரிக் அமிலக் கரைசலை நீண்ட காலம் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பொறுமையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ரியூவின் துண்டுகளை 2003இல் மேலே கொண்டுவந்தார்கள். இடப்பக்க டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு துண்டில் பொறித்திருந்தது: 2734, பக்கத்தில் எல். பார்ட் நம்பர் அல்ல. லாக்ஹீட் நிறுவனம் தான் கட்டிய விமானங்களுக்குக் கொடுத்த வரிசை எண். பதிவேட்டில் 2734க்கு நேராக இருந்த ராணுவ எண் 42-68223. அன்று செந்த்-எக்சுபெரி ஓட்டிப்போன விமானம். 2004 ஏப்ரலில் உறுதி செய்து அறிவித்தார்கள். மீட்ட துண்டுகளில் குண்டு துளைத்த தடம் காணப்படவில்லை. ஏன் விழுந்தது என்பதை அவை காட்டிக்கொடுக்கவில்லை.

நான் பல இரவுகள் நினைத்துப் பார்த்தது அந்த 'எல்' எழுத்தைப் பற்றித்தான். எல் என்றால் லெஃப்ட், இடது. கலிபோர்னியாவின் பர்பேங்க் தொழிற்சாலையில் அதைப் பொறித்தவருக்கு அன்று ஒரே கவலைதான் இருந்திருக்கும்: இந்தத் தகடு வலப்பக்கம் போய்விடக் கூடாது, பக்கத்து விமானத்துக்கும் போய்விடக் கூடாது. துண்டுகள் இப்போது பாரிஸை ஒட்டிய லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என்றாவது அங்கே போனால் அந்தத் துண்டின் முன்னால்தான் முதலில் போய் நிற்பேன்.