மேல்மடல் நிழல்

எங்கள் பக்கத்தில் கதிரியக்க மருத்துவராக வேலை பார்ப்பவர் எவருக்கும், நுரையீரலின் மேல்மடலில் நிழல் தெரிந்தால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். பதினான்கு ஆண்டுகளாக நானும் அப்படித்தான் அறிக்கை எழுதிவந்தேன். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் காசநோய் மற்றவர்களைவிட அதிகம் வருவதால், அவர்களுடைய படங்களில் அந்த எண்ணம் இன்னும் விரைவாக வந்துவிடும்.

அந்த நோயாளிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏழு ஆண்டுகளாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மூன்று முறை தேவை என்பது அவருக்குத் தெரியும். மூன்றாம் நாளும் வந்தால் கூலி போய்விடும் என்பதும் தெரியும். மூச்சு வாங்குகிறது என்று வந்தவருக்கு, உடலில் நீர் கோத்திருக்கலாம் என்று கூடுதலாக நீர் எடுத்தும் எக்ஸ்ரேயில் இருந்த மங்கல் போகவில்லை. சி.டி. ஸ்கேனில் இரு மேல்மடல்களிலும் பஞ்சுப் பொட்டுகள் போன்ற முடிச்சுகள் இருந்தன. காசநோயாக இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதே படத்தை எலும்பைப் பார்ப்பதற்குரிய அமைப்புக்கு மாற்றி ஒருமுறை பார்த்திருந்தால், சில பொட்டுகளுக்குள் விலா எலும்பைப் போல வெளுத்த புள்ளிகள் அன்றே தெரிந்திருக்கும்.

சளியில் கிருமி இல்லை. மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி வழியாக எடுத்த திசுத் துணுக்கு ஆய்வகத்துக்குப் போன மறுநாள், ஸ்கேன் அறிக்கை எழுதியவன் என்பதால் என்னையே அழைத்துக் கேட்டார்கள்: "சார், இது நுரையீரல்தானா? கத்தி கரகரங்குது. எலும்புத் துண்டு ஏதும் மாறி வந்துடுச்சா?" மாறி வரவில்லை. அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்த பிறகு வெட்டிய சீவலில், காற்றறைச் சுவர்களில் படிவின் தடமும், ஓரிடத்தில் மஜ்ஜையோடு கூடிய எலும்பும் இருந்தன.

சுண்ணாம்பு படிவது வேறு, எலும்பு உருவாவது வேறு. முன்னது டயாலிசிஸ் நோயாளிகளின் பிரேதப் பரிசோதனைகளில் அடிக்கடி காணப்படுவது, உயிரோடிருக்கையில் பலருக்குத் தொந்தரவே தராதது; பின்னது அரிது. சிறுநீரகம் பழுதானால் பாஸ்பரஸ் இரத்தத்தில் தேங்குகிறது, வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவது குறைகிறது; இவற்றால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் மிகையாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பரஸையும் உருவுகின்றன. அப்படி உருவியது காரத்தன்மை மிகுந்த திசுவில் சுண்ணாம்பாக எளிதில் படியும். நுரையீரலின் உச்சியில் இரத்த ஓட்டத்தைவிடக் காற்றோட்டம் விஞ்சி நிற்பதால் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை கூடுகிறது. காசநோய்க்கு உகந்த அதே இடத்தை இதுவும் பிடித்துக்கொள்கிறது. படிவு நீடித்தால், அங்குள்ள செல்களில் சில எலும்பு கட்டும் செல்களின் குணத்தைப் பெற்றுவிடுவதும் உண்டு. 1855இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் விர்க்கோ இத்தகைய படிவை 'மெட்டாஸ்டாசிஸ்' என்றபோது, சுண்ணாம்பு இடம்பெயர்வதைத்தான் குறித்தார். இன்று அந்தச் சொல்லை அறிக்கையில் கண்டால் வீட்டார் புற்றுநோய் என்று கலங்கிப்போகிறார்கள், நான் எழுதுவதில்லை.

டயாலிசிஸ் கோப்பை அதன் பிறகுதான் கேட்டு வாங்கினேன். கால்சியம் 9.8, பாஸ்பரஸ் 8.4, பெருக்கினால் 82. 2003ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல் இது 55க்குக் கீழ் இருக்க வேண்டும் என்றது. பாராதைராய்டு ஹார்மோனைப் பார்த்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை மருந்துச் சீட்டில் இருக்கவே இருந்தது. அது சோற்றோடு சேர்ந்து போனால்தான் உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "காலையில வெறும் வயித்துல எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கிடுவேன் சார். மறந்துடக் கூடாதுல்ல," என்றார். ஏழு ஆண்டுகளில் இதை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

டயாலிசிஸ் நோயாளிகளின் ஸ்கேன் கோரிக்கைச் சீட்டில் கால்சியம், பாஸ்பரஸ் ஆகிய இரண்டு எண்களையும் எழுதி அனுப்பும்படி இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதிச் சீட்டுகள் வெறுமையாகவே வருகின்றன.

அவருக்கு வேறொரு மருத்துவமனையில் பாராதைராய்டு அறுவை நடந்தது. பத்து மாதங்களுக்குப் பிறகு எடுத்த படத்தில் பஞ்சுப் பொட்டுகள் ஓரளவு மெலிந்திருந்தன. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து வெளுத்த புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். அத்தனையும் அப்படியே இருந்தன.