புளோரைடு மண்ணில் முதல் பற்கள்: மகளுக்குப் பற்பசை தேர்ந்தெடுத்த அனுபவம்

தருமபுரி மாவட்டத்தில் புளோரைடு என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆழ்துளைக் கிணற்று நீரும், அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் நிலைத்துவிட்ட பழுப்புக் கறையும்தான். என் கணவரின் ஊரில் ஒரு தலைமுறையில் பெரும்பாலோர் அத்தகைய பற்களுடன் இருக்கிறார்கள். என் மாமியாரும் அவர்களில் ஒருவர். எனவே, மகளுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பற்கள் முளைத்து, வீட்டில் பற்பசை பற்றிய பேச்சு எழுந்தபோது, “அந்தப் புளோரைடு மட்டும் பாப்பா வாயில படக் கூடாது” என்று அவர் சொன்னதை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. கடையில் “விழுங்கினாலும் ஆபத்தில்லை” என்ற வாசகத்துடன் புளோரைடு இல்லாத குழந்தைப் பற்பசைகள் வரிசையாக இருந்தன. ஆனாலும் வாங்குவதற்கு முன் குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். முதல் பல் முளைத்த ஆறு மாதத்திற்குள், அதிகம் போனால் முதல் பிறந்தநாளுக்குள், பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை.

மருத்துவர் பற்பசையைப் பற்றிப் பேசுவதற்கு முன் நாங்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். எங்கள் வீட்டில் இரண்டு வகை நீர் உண்டு: ஒன்று ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது, மற்றொன்று 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர். இரண்டையும் தனித்தனிப் பாட்டில்களில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுத்தோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கப்படுகிறது. எங்கள் கிணற்று நீரில் அது 2-ஐத் தாண்டியிருந்தது. காவிரி நீரில் 1-க்கு நன்கு கீழே இருந்தது. குழந்தைக்கான நீரைக் கொதிக்க வைத்தே கொடுக்கிறோமே என்று என் கணவர் கேட்டதற்கு, கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், புளோரைடு போகாது, நீர் வற்றும் அளவுக்கு அது செறிவாகவே செய்யும் என்று மருத்துவர் விளக்கினார். அன்றிலிருந்து கஞ்சி காய்ச்சுவது உட்பட மகளுக்கான எல்லாவற்றிற்கும் காவிரி நீர் மட்டும்தான்.

மாமியாரின் அச்சத்திற்கு விடை அடுத்துச் செய்த கணக்கில்தான் கிடைத்தது. பற்களில் கறை உண்டாவது, அவை ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில் அளவுக்கு மீறிய புளோரைடு உடலுக்குள் போவதால். நிரந்தர முன்பற்களின் மேற்பகுதி குழந்தை பிறந்த சில மாதங்களில் தொடங்கிச் சில ஆண்டுகள் வரை தாடைக்குள்ளேயே உருவாகிறது. அதனால்தான் இந்த வயதில் குழந்தை விழுங்கும் அளவு முக்கியம். சொத்தையைத் தடுக்கப் பற்பசையில் சேர்க்கும் புளோரைடை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்ற அளவில் குறிப்பார்கள்; 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பற்பசையில் 1 மில்லிகிராம் புளோரைடு. மூன்று வயது வரை பரிந்துரைக்கப்படும் அரிசி அளவுப் பூச்சு ஏறத்தாழ 0.1 கிராம் என்பதால், இருவேளையும் முழுவதையும் விழுங்கிவிட்டாலும் உள்ளே போவது 0.2 மில்லிகிராம். எங்கள் கிணற்று நீரில் அரை லிட்டர் குடித்தாலே அதைப்போல் ஐந்து மடங்கு போய்விடும். மருத்துவர் இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது மாமியாரும் உடன் இருந்தார்; “அப்ப தண்ணியைத்தான் பார்க்கணும்” என்றார்.

பிறகு அட்டைப்பெட்டிகளைப் படிக்கும் வேலை. இந்தியச் சட்டப்படி பற்பசையில் புளோரைடு 1000 பிபிஎம்மை மீறக் கூடாது; புளோரைடு உள்ள பற்பசையில் அதன் அளவும் காலாவதித் தேதியும் குழாய், பெட்டி இரண்டிலும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். குழந்தைகளுக்கானவை சிலவற்றில் 500-ஐ ஒட்டியும் சிலவற்றில் 1000-ஐ ஒட்டியும் இருந்தன. 1000-க்குக் குறைந்தவை சொத்தையைத் தடுப்பதற்கான சான்று அவ்வளவு வலுவாக இல்லை என்பதால், அரிசி அளவைக் கறாராகக் கடைப்பிடிக்க முடியுமானால் 1000-ஐ ஒட்டியதையே வாங்கலாம் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை. கரித்தூளும் உப்பும் சேர்த்தவற்றை, பல்லைத் தேய்த்துவிடக் கூடும் என்பதால் விலக்கினோம். மிட்டாய் போல் இனிப்பவையும் வேண்டாம் என்று நானாக முடிவு செய்தேன். குழந்தை அதைத் தின்பண்டமாக எண்ணத் தொடங்கினால் அளவு நம் கையில் இருக்காது. குழாயின் அடியில் உள்ள வண்ணக் கட்டம் இயற்கையா ரசாயனமா என்பதைக் காட்டுகிறது என்று உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அது குழாயை எந்த இடத்தில் வெட்டி ஒட்டுவது என்று தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளமே தவிர வேறில்லை.

துலக்குவது தேர்ந்தெடுப்பதைவிடக் கடினமாக இருந்தது. விரலில் மாட்டும் சிலிகான் பிரஷ் சில நாள்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை; இரண்டு பற்களே ஆனாலும் கடி கடிதான். சிறிய தலையும் மெல்லிய இழைகளும் கொண்ட பிரஷுக்கு மாறி, தரையில் அமர்ந்து மகளின் தலையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துத் துலக்கும் முறை எங்களுக்கு ஒத்துவந்தது. மேல்பற்கள் முளைத்த பிறகு அவள் துலக்கவிடாமல் வீறிட்டதற்குக் காரணம் பிடிவாதம் அன்று. மேலுதட்டின் உட்புறத்தை ஈறோடு இணைக்கும் சிறு சதைமடிப்பில் பிரஷ் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு விரலால் அதை மறைத்துக்கொண்டு துலக்கியதும் அழுகை பெரிதும் குறைந்தது.

கீழ்ப்பற்களை நாக்கும் உமிழ்நீரும் ஓரளவு காக்கின்றன. மேல் முன்பற்களுக்கு அந்தக் காப்பு இல்லை, இரவில் உமிழ்நீரும் குறைந்துவிடுகிறது. ஆகவே இரவுத் துலக்கலைக் காலையினதைவிட முக்கியமாகக் கருதுகிறோம். வாரம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கி, ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடு போல் வெள்ளைத் தடம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். சொத்தையின் தொடக்கம் பெரும்பாலும் அதுதான், அந்த நிலையில் அதைத் திருப்பிவிடவும் முடியும்.

பற்பசைக் குழாய் மகளுக்கு எட்டாத அலமாரியில் இருக்கிறது, பிரஷில் தடவும் வேலை பெரியவர்களுடையது. மூன்று வயதானதும் அளவு பட்டாணிக்கு மாறும். அதற்குள் துப்பப் பழக்க வேண்டும். கணவரின் ஊருக்குப் போகும்போது அவளுக்கென்று ஒரு கேன் காவிரி நீர் எங்களுடன் வருகிறது. பிள்ளைக்குத் தண்ணீரைக்கூடவா தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று அங்கே சிலர் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை என் மாமியார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.